ஃபிலிமாகக் கேட்டு வாங்குங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் தலைசுற்றலும் எப்படி இருக்கின்றன?

ஆஸ்பத்திரியில் எல்லாருடைய ஸ்கேன் படங்களையும் சேமித்து வைக்கும் கம்ப்யூட்டர் என் பொறுப்பு அல்லவா? நேற்று அது படுத்துவிட்டது. ஆபரேஷன் அறையிலிருந்து டாக்டர், "படம் எங்கம்மா? வயித்தத் தொறந்து வச்சுட்டு நிக்கிறேன்!" என்று போனில் கத்தினார். நல்லவேளை, அதுவே எழுந்துகொண்டது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் பயப்படாதீர்கள்.

படங்களுக்கு நகல் வைக்க இன்னொரு கம்ப்யூட்டர் கேட்டிருந்தேன். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்மா" என்று கணக்கு அதிகாரி அதை பட்ஜெட்டிலிருந்து எடுத்துவிட்டு, வரவேற்பறைக்கு சோபா வாங்கினார். இப்போது போன் அடித்தாலே, கம்ப்யூட்டர் மறுபடி படுத்துவிட்டதோ என்று நினைத்துத்தான் எடுக்கிறேன். சொல்லி அழ இங்கே ஆளில்லை.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். அம்மாவின் தலை ஸ்கேன் "கம்ப்யூட்டர்லயே இருக்கு" என்று நம் ஊர் ஆஸ்பத்திரியில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். ஃபிலிமாகக் கேட்டு வாங்கி பீரோவில் வையுங்கள்.

போன் அடிக்கிறது, அப்பா.

உங்கள் மகள்