சதுக்கத்தில் நிற்கும் ஸ்புரூஸ்

தெற்கு போஹிமியா, செக் நாடு,
டிசம்பர்

அன்பு மகளுக்கு,

நீ பிறந்த வருஷம் நம் தோட்டத்தில் நட்ட ஸ்புரூஸ் ஊசியிலை மரம் வீட்டுக் கூரைமேல் சாயத் தொடங்கியதால், ஊர்ச் சதுக்கத்தின் கிறிஸ்துமஸ் மரமாகக் கொடுத்துவிட்டேன். இங்கே எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள். வெட்டும் வேலை மிச்சம், மேயரும் கை குலுக்குவார். குலுக்கினார்.

அம்மா நன்றாக இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், பாடுகிறாள். கொஞ்ச நாளாக அந்த மரத்தை மிலுஷ்கா என்று உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உன் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருப்பதைவிட அது மேல் என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்போது தினமும் சதுக்கத்துக்குப் போகிறாள். நேற்று நானும் கூடப் போனேன்.

"ஏண்டி, இந்தக் குளிர்ல இப்படியா நிப்பே? வீட்டுக்கு வாடி!" என்று கிளையில் தன் சால்வையைச் சுற்றினாள்.

சாஸேஜ் விற்கும் ஹவ்ரானெக், "அதுக்குக் குளிராதும்மா. மேல எவ்வளவு பல்பு எரியுது பாருங்க" என்றான்.

"பொண்ணப் பெத்திருந்தா உனக்குத் தெரியும். நீ சாஸேஜைத் திருப்பு, கருகுது."

பிறகு என்னிடம், "நீங்களாவது கூப்பிடுங்களேன். நான் கூப்பிட்டு இவ எப்ப வந்திருக்கா?" என்றாள்.

கூப்பிட்டேன். சதுக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் மரத்தை அறுத்து விறகாக்கிவிடுவார்கள். மேயரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "வருஷா வருஷம் அதானே வழக்கம்" என்று மறுபடி கை குலுக்கினார்.

அதற்குப் பிறகு நீ எங்கே போனாய் என்று அம்மா கேட்பாள். நீ கனடாவில் இருக்கிறாய் என்று ஏற்கெனவே சொல்லிப் பார்த்துவிட்டேன், நம்பவில்லை. வேறு என்ன சொல்லலாம் என்று நீயே எழுது.

உன் அப்பா