லாரியிலிருந்து இறக்கிய இன்ஜின்

ஆவணி 20, வெள்ளி

நல்ல வெயில். மத்தியானம் மேகம் மாதிரி ஏதோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. முறைத் தண்ணீர் அடுத்த வாரம் என்கிறார்கள். போன வாரமும் அதைத்தான் சொன்னார்கள்.

நாற்றங்கால் நுனி சிவந்துவிட்டது. குடத்தால் ஊற்றிப் பார்த்தேன். பாதியில் இடுப்பு போதும் என்றது.

சாயங்காலம் கோயில் கட்டளை ஏஜெண்ட் சைக்கிளில் வந்தார். நம் நிலத்துக்குக் குத்தகை வாங்குகிறவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"போன வருஷமும் தரிசு. இந்தப் பசலி வருஷத்துலயும் வி.ஏ.ஓ. அடங்கல் கணக்குல தரிசுன்னு ஏறிச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. நெலத்தைத் திருப்பிக் கேப்பாங்க."

"தண்ணி வராததுக்கு நாங்க என்னங்க பண்றது?"

"அதை மேட்டூர்ல போய்க் கேளும்மா."

திருப்பி வாங்கி யாருக்குக் கொடுப்பார்கள் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. கிழக்கே இறால் பண்ணை வைத்திருப்பவர் நம் வரப்பு வரைக்கும் குட்டை வெட்டிவிட்டார். நடுவில் பாக்கி நம் ஒன்பது மா நிலம்தான்.

அப்பா பண்ணையாளாக இருந்து, கொடி பிடித்து, அடி வாங்கி, ஸ்டேஷனில் கிடந்து, பெயரைப் பதிந்து வாங்கிய குத்தகை. இப்போது என் பெயரில் இருக்கிறது. என் காலத்தில் போய்விடுமோ என்ற நினைப்பு வந்தாலே சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஆவணி 22, ஞாயிறு

இவர் காலையிலிருந்து லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குளிக்கவில்லை.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிற்கிறது லாரி. மூக்கு உள்ளே, முதுகு வெளியே. மாடு கட்ட வைத்திருந்த இடம், லாரி வந்ததும் மாட்டை விற்றாயிற்று. சர்க்கரை கண்ணுக்கு வந்து, இவருக்கு லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டேன் என்று சொன்னதிலிருந்து அது நகரவில்லை. விற்றுவிடலாம் என்று நானும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சொல்வேன். இவரும் டயரைத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டு, "பாக்கலாம்" என்பார்.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி சொன்னார். "இன்ஜினை எறக்கிடலாம் வசந்தா. மேட்டுப் போர்ல வச்சு பம்பு மாட்டிட்டா நாத்து பொழைச்சுக்கும்."

நான் அவர் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. ஒரு வாரமாக நான் கேட்க நினைத்து, கேட்கப் பயந்ததை அவரே கேட்டுவிட்டார். சந்தோஷமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

மேட்டுப் போர்வெல் அப்பா போட்டது. கடல் பக்கம் என்பதால் மணல் மேட்டில் மட்டும்தான் இங்கே நல்ல தண்ணீர். அதுவும் மேலாக. அதற்கடியில் உப்பு. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெருக் கைப்பம்பும் அதே மேட்டில்தான். கரெண்ட் மோட்டார் போடலாம் என்று எழுதிப்போட்டு வருஷக்கணக்காகிறது. இலவசக் கரெண்ட் என்று சுவர் சுவராக எழுதியிருக்கிறார்கள். கம்பம்தான் வரவில்லை.

காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், நாற்றங்காலுக்கு மட்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

ஆவணி 24, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை இரும்பில் கை வைக்க மாட்டாராம். நாற்றுக்குச் செவ்வாய் தெரியுமா?

ச.கூடத்தில் (நான் வேலை பார்க்கும் சத்துணவுக் கூடம்) பருப்பில் வண்டு. புடைத்துப் புடைத்துத் தோள் போயிற்று.

டீக்கடையைத் தாண்டும்போது காதில் விழுந்தது: "ஆட்சி மாறட்டும், தண்ணி தானா வரும்." "போன தடவையும் மாறிச்சேய்யா." சிரிப்பு.

நாளைக்கு வேண்டியது: மண்ணெண்ணெய், பழைய துணி, போல்ட் போட்டு வைக்கக் கொட்டாங்கச்சி, பெருத்த சவுக்குக் கழி. பாரம் தூக்குகிற செயின் பிளாக்கை அந்தோணி கொண்டு வருவான். இவரிடம் கிளீனராக இருந்தவன். இப்போது வேளாங்கண்ணி ரோட்டில் சொந்த ஒர்க்‌ஷாப். தொப்பை வேறு.

ஆவணி 25, புதன்

புழுக்கம். ச.கூடத்திலிருந்து வந்ததும் கொட்டகைக்குள் போனேன்.

ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டார். துருத் தண்ணீர். பிறகு ஆயில், மை மாதிரி. பேட்டரி, ஃபேன், டீசல் குழாய் எல்லாம் கழற்றியாயிற்று. எந்த ஒயர் எங்கே போகிறது என்று என் பழைய சேலையைக் கிழித்து நாடா கட்டி, அதில் பேனாவால் எழுதினேன். போல்ட் எங்கே இருக்கிறது என்று இவர் விரலாலேயே கண்டுபிடித்துவிடுகிறார். ஸ்பானரில் உள்ள எண்தான் தெரிவதில்லை.

"அது பதினேழா பத்தொம்பதா, பாரு."

"பத்தொம்பது."

"நல்லாப் பாத்தியா?"

"உங்களவிட நல்லாத்தான் பாப்பேன்."

சிரித்தார். எவ்வளவு நாளாயிற்று.

சைலன்சர் பக்கத்து போல்ட் ஒன்று அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினோம், தட்டினோம், மறுபடி ஊற்றினோம். அப்போது இவர் வாயில் வந்த வார்த்தைகளைக் கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டதில்லை. ரோட்டில் எப்படி இருந்திருப்பார் என்று இன்றைக்குத் தெரிந்தது.

முதுகு வலி. நகத்தில் கிரீஸ், சீயக்காய் போட்டும் போகவில்லை.

ஆவணி 29, ஞாயிறு

இறக்கியாகிவிட்டது.

அந்தோணி பூசை முடிந்து நேராக வந்தான். கொட்டகைக் கூரைக் கீற்றைக் கொஞ்சம் பிரித்துவிட்டு, சவுக்குக் கழிகளை முக்காலியாக நட்டுச் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டான். கியர்பாக்ஸைப் பிரித்தார்கள். கடைசியாக இன்ஜின் உட்கார்ந்திருக்கும் போல்ட்டுகள். அதை மட்டும் இவர் யாரையும் தொட விடவில்லை.

சங்கிலியை இழுக்க இழுக்க இன்ஜின் ஏறியது. கழி கிறீச் கிறீச் என்றது. முறிந்தால் அவ்வளவும் இவர் தலைமேல்.

இன்ஜினை வெளியே எடுக்க மாட்டார்களாம். அது அந்தரத்தில் தொங்க, லாரியைத்தான் பின்னால் தள்ள வேண்டும். தெரு ஆம்பிளைகள் அத்தனை பேரும் வந்து தள்ளினார்கள். பக்கத்து வீட்டு மாரியம்மாவும் சேலையைச் செருகிக்கொண்டு தோள் கொடுத்தாள். இவர் தள்ளவில்லை. இன்ஜின் ஆடாமல் இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாரம் போனதும் லாரியின் முன்பக்கம் எழும்பிக்கொண்டது. முகத்தைத் தூக்கிக்கொண்டு எதையோ பார்ப்பதுபோல நிற்கிறது. இவர் பக்கத்தில் போய்த் தடவிப் பார்த்தார். "கண்ணுல மருந்து ஊத்தற நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மருந்து சாயங்காலம்தான்.

எல்லோருக்கும் டீ, பக்கோடா. மாரியம்மா கேட்டாள்: "எங்க நாத்துக்கும் ஒரு மடை விடுவியாக்கா?"

"விடாம இருப்பனாடி?"

புரட்டாசி 1, புதன்

திங்கட்கிழமை டிராக்டர் டிப்பரில் இன்ஜின் மேட்டுக்குப் போனது. அந்தோணி கட்டை அடித்து உட்கார வைத்துப் பம்பை மாட்டினான். ரேடியேட்டருக்குப் பதில் ஒரு டிரம் தண்ணீர்.

இன்று காலை எலுமிச்சம்பழம் நசுக்கிச் சூடம் காட்டி ஸ்டார்ட் பண்ணினார்கள். முதலில் இருமியது, கரும்புகை. பிறகு அந்தச் சத்தம். பாதித் தெருவுக்குக் கேட்டிருக்கும். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தண்ணீர் தொடை மொத்தத்துக்குக் கொட்டியது. கையில் ஏந்திக் குடித்தேன். இளநீர்தான். நாற்றங்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறைந்துவிட்டது.

"நிறுத்தட்டுமா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுங்க" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். வெடித்துக் கிடந்த வயலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்போல இருந்தது.

இருட்டும் வரைக்கும் ஓடியது.

புரட்டாசி 5, ஞாயிறு

வெயில்தான். ஆனால் நாற்று பச்சை கட்டிவிட்டது. அடங்கலில் இனி யாரும் தரிசு என்று எழுத முடியாது.

காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்ற பேச்செல்லாம் போயிற்று. நம் ஒன்பது மாவும் நிறைந்து, மாரியம்மாவுடையது நிறைந்து, இப்போது தெருவே வரிசையில் நிற்கிறது. எல்லோரும் லாரி தள்ளியவர்கள். முடியாது என்று எப்படிச் சொல்வது? டீசல் ஆளுக்கு ஒரு கேனாக அவர்களே கொண்டு வருகிறார்கள். போதும் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. என் வாயிலிருந்தும்தான்.

இவர் ஸ்டூல் போட்டு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆக்சிலேட்டருக்கு ஒரு கயிறு கட்டிக் கையில் பிடித்திருக்கிறார். சோறு கொண்டுபோனபோது கேட்டேன்.

"இப்ப எங்க போயிக்கிட்டிருக்கோம்?"

"திருவாரூர் தாண்டியாச்சு. ரோடு காலி."

"பாத்து ஓட்டுங்க. குடும்பம் இருக்கு."

இந்த வீட்டில் நாங்கள் இப்படிப் பேசி எத்தனையோ வருஷம். சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

புரட்டாசி 8, புதன்

விடிந்ததும் மாரியம்மா குடத்தோடு வந்தாள். முகம் சரியில்லை.

"அக்கா, கைப்பம்புத் தண்ணி கரிக்குது. குடிச்சுப் பாரேன்."

குடித்தேன். கரித்தது. சோற்றுக்கு உப்பு கூடிப்போன மாதிரி இல்லை. கடலில் விழுந்து மூக்கில் ஏறுகிற மாதிரி.

மேட்டுக்கு ஓடினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் வந்ததையும் வாயில் வைத்துப் பார்த்தேன். அது இன்னும் மோசம். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கயிற்றை நானே பிடுங்கினேன்.

மேலே நின்ற நல்ல தண்ணீரை மொத்தமாக உறிஞ்சிவிட்டோம். கீழிருந்த உப்பு ஏறிவிட்டது. சின்ன மோட்டாராக இருந்திருந்தால் ஒரு வருஷம் ஓட்டினாலும் இப்படி ஆகியிருக்காது. மலையேறுகிற லாரியின் பலம் அத்தனையும் அந்த ஒற்றைக் குழாயில்.

"நாலு நாள் விட்டா சரியாப் போயிடும்" என்றார். இரண்டு முறை சொன்னார்.

ச.கூடத்துக்கும் அதே கைப்பம்புத் தண்ணீர்தான். மத்தியானம் பிள்ளைகள் டம்ளரில் வாய் வைத்துவிட்டுத் துப்பின. "டீச்சர், உப்பு" என்றது ஒன்றாம் வகுப்புப் பெண். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

புரட்டாசி 9, வியாழன்

நாற்று நுனி கருகுகிறது. வயலில் தண்ணீர் வற்றிய இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மாரியம்மாவுடையதிலும் அப்படித்தான்.

பெண்கள் பக்கத்து ஊருக்குக் குடம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நம் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். பேச்சு நம் வீடு வரும்போது நின்று, தாண்டியதும் தொடங்குகிறது. "லாரிக்காரம்மா ஆசப்பட்டா, ஊரு வாயில உப்பு" என்று ஒரு குரல். யார் என்று தெரியும். எழுத மாட்டேன். அவள் நிலத்துக்கும் தண்ணீர் விட்டோம். ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை.

நானும் குடம் எடுத்துக்கொண்டு போனேன், எல்லோரும் போய்த் திரும்பிய பிறகு.

அந்தோணி வந்து பார்த்தான். "திருப்பி லாரியிலயே ஏத்திடலாமா அண்ணே?" இவர் எழுந்து கைப்பம்புப் பக்கம் போய்விட்டார். லாரி கொட்டகைக்கு வெளியே நின்றபடி நிற்கிறது. உள்ளே தள்ளிவிட ஆள் கூப்பிட எனக்கு முகம் இல்லை.

புரட்டாசி 12, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

கைப்பம்பு அப்படியேதான். இவர் தினமும் காலையில் போய்க் குடித்துப் பார்த்துவிட்டு வருகிறார்.

பத்து மணிக்கு ஏஜெண்ட் வந்தார். கூட இறால் பண்ணைக்காரர், வெள்ளைச் சட்டை, பைக். நேரே மேட்டுக்குப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். இவர் அங்கே நிற்கும் இன்ஜினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போக வேறு இடம் இல்லை அவருக்கு.

ஏஜெண்ட் என்னிடம், "நாத்துப் போச்சுல்லம்மா. இனிமே இதுல நெல்லு வருமா, நீயே சொல்லு. விட்டுக் குடுத்துட்டேன்னு எழுதிக் குடுத்துடு. நல்லபடியா முடிஞ்சிடும்" என்றார்.

"எழுதித் தர மாட்டேங்க. ரெண்டு மழை பேஞ்சா உப்பு எறங்கும். எங்கப்பா நெலம் இது."

"கட்டளை நெலம்மா."

பண்ணைக்காரர் இதில் எதையும் காதில் வாங்கவில்லை. குழாய்க்குக் கீழே தேங்கியிருந்த தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார்.

"நல்ல தண்ணி" என்றார் ஏஜெண்டிடம். "இறாலுக்குக் கடல்லேந்து குழாய் போடற வேலை மிச்சம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, போய்யா என்று ஒரே வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன்.

பண்ணைக்காரர் இன்ஜின்மேல் கை வைத்துத் தட்டினார். "நல்லா இருக்கே. இதை யாரு ஓட்டறது?"

இவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான்தாங்க" என்றார். "எப்பலேந்து வரட்டும்?"