உம்மைக் கேட்டு வந்த பெரியாஸ்பத்திரி

என் றெஜினா,

நீர் கண்மூடி இரண்டு வருடமாகியும், நீர் நேர்ஸாக உழைத்த அந்த யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி உம்மை என்னிடம் விடுவதாயில்லை. இப்போது அதற்கு வரலாறு எழுதுகிறார்களாம். அங்கே மாணவர்களுக்குப் படிப்பிக்கிற ஒரு பெண் டொக்டர், போன கிழமை பஸ் ஏறி ஊர்காவற்றுறை வரைக்கும் வந்துவிட்டார்.

முதலில் பழங்கதைகளைச் சொன்னார். நோயாளியை மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கிய காலம், ஒற்றைக் கட்டடம் வார்ட் வார்டாக வளர்ந்தது, எங்கெங்கோ இருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து டொக்டருக்குப் படித்தது. மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, நேர்ஸ்மாரைக் கூப்பிடுகிற மாதிரி உம்மை மிஸி என்று சொல்லி, மிஸி வீட்டில் வேலையைப் பற்றி என்ன கதைப்பார் என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல? கதையெல்லாம் அங்கே முடித்துவிட்டு, வீட்டுக்குக் களைப்பைத்தானே கொண்டுவந்தீர்?

எனக்குத் தெரியாதவை அவருக்குத் தெரிந்திருந்தன. ஊசிக்குப் பயந்த பிள்ளைகளுக்கு நீர் பாட்டுப் படிப்பீராம். கோயிலில்கூட நீர் வாயசைப்பதோடு சரி. என் முன்னால் ஏன் ஒருநாளும் பாடவில்லை?

பிறகுதான் அந்தக் கதை வந்தது. சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் பட்டணத்தை விட்டு வெளிக்கிட்ட நாட்கள். நானும் மகளும் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். ஆறாம் நாள், காலெல்லாம் வீங்க, நடந்து வந்து சேர்ந்தீர். நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "வாகனம் கிடைக்கேல்லையப்பா" என்றீர். நம்பினேன்.

வாகனம் இருந்ததாம், றெஜினா. முதல் நாளே அதில் உமக்கு இடமும் இருந்ததாம். அசைக்க ஏலாத ஐந்து நோயாளிகளை விட்டு வர மனமில்லாமல், அந்த இடத்தை ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் கொடுத்துவிட்டு நின்றீராம்.

டொக்டர் இதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சு எரிந்தது. மகளுக்கு அப்போது ஏழு வயது. வாகனச் சத்தம் கேட்கிற நேரமெல்லாம் வாசலுக்கு ஓடினாள். அந்த ஐந்து பேரில் ஒருவனாக நான் கிடந்திருந்தால் எனக்காகவும் நின்றிருப்பீர் அல்லவா? முகம் தெரியாத நோயாளிகள் மேல் பொறாமைப்படுகிற கிழவனைப் பார்த்துச் சிரியும்.

அவர்கள் பிழைத்தார்களா என்று கேட்டேன். மூன்று பேர் என்றார். அதற்குப் பிறகு உம்மைக் கோபிக்கவும் ஏலாமல் போயிற்று.

புத்தகத்துக்குப் படம் கேட்டார். எங்கள் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். மிஸியை மட்டும் தனியாக வெட்டி எடுக்கலாம் என்றார்.

"வெட்டாதேங்கோ பிள்ளை," என்றேன். "போடுறதெண்டால் ரெண்டு பேரையும் போடுங்கோ."

"ஐயா அங்கை வேலை செய்யேல்லையே. படத்துக்குக் கீழை என்னெண்டு எழுதுறது?"

"அவவை ஆஸ்பத்திரிக்குத் தந்தவன் எண்டு எழுதுங்கோ."

அவர் எழுதிக்கொண்டு போனார். ஆனால் அது பொய். நான் எங்கே தந்தேன்? ஒவ்வொரு திங்கட்கிழமையும் முறுமுறுத்துக்கொண்டுதானே பஸ் ஏற்றிவிட்டேன்? அடுத்த நாள் ஃபோன் எடுத்து, கணவர் என்று மட்டும் போடச் சொல்லிவிட்டேன்.

புத்தக வெளியீட்டுக்கு மகளோடு போவேன். இத்தனை வருடத்தில் உம்முடைய வார்ட்டுக்குள் நான் கால் வைத்ததில்லை. ஆஸ்பத்திரி வாசல் படலையடியில் நின்று உம்மைக் கூட்டிக்கொண்டு வந்ததோடு சரி. இந்த முறை உள்ளே போவேன். அந்த ஐந்து கட்டில்களும் எங்கே கிடந்தன என்று கேட்டு, அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். இது சத்தியம். பொறாமை தீரும் என்று மட்டும் வாக்குத் தரமாட்டேன்.

என்றைக்கும் உம்முடைய மனுசன்,
சவிரிமுத்து