சூடாக்கி வைத்த எஞ்சின்

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். உடம்பை மட்டும்தான் சொன்னேன், மனசு கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் நீ அப்பாவிடம், "ரிட்டயர் ஆகப்போற நேரத்துல ஏம்ப்பா வம்பு, அவங்க சொல்றபடி எழுதிக் குடுத்துடுங்க" என்றாயாமே. மனிதர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

நடந்ததை முழுதாகக் கேள். அணுமின் நிலையத்தில் கரண்ட் போனால் உலையைக் குளிரவைக்கிற பம்புகளை ஓட்ட ஒரு பெரிய டீசல் எஞ்சின் இருக்கிறது. சும்மா ஆறிக் கிடக்கிற எஞ்சின் அந்த நொடியே ஓட வேண்டும். அதைச் சோதிப்பது அப்பாவின் பாதுகாப்பு ஆபீஸ் வேலை. அங்கேயோ ரிட்டயர் ஆகிப் போனவர்கள் இடத்துக்கு ஆளே போடவில்லை, ஒரு கூட்டமே பார்த்த வேலையை இவரும் இன்னொருவரும் பார்க்கிறார்கள். ஜீப்பையும் பிடுங்கிவிட்டார்கள், நிலையத்துக்காரர்கள் வண்டி அனுப்பினால்தான் போக முடியும். வண்டி கேட்டதுமே அவர்கள் உஷாராகி முந்தின நாளிலிருந்தே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார்கள், இவர் போனதும் அது சமர்த்தாக ஓடும். நல்ல கூத்து! போன வாரம் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போய், "இப்பவே ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். இருமியது, புகைந்தது, நின்றுவிட்டது. பழுது பார்க்க நிறுத்தியிருக்கும் உலையைத் திரும்ப ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

நிலையத்துக்கும் இவர் ஆபீசுக்கும் மேலே இருப்பது ஒரே பெரிய அதிகாரி. அவர் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, "யாரைக் கேட்டுப் போனீங்க?" என்கிறார். கரண்ட் விற்கிறவரே காவலுக்கும் எஜமான் என்றால் காவல் எதற்கு, கண்துடைப்புக்கா? எழுதியதை வாபஸ் வாங்கிவிட்டு, முன்கூட்டியே சொல்லிப் போய் மறுபடி சோதிக்க வேண்டுமாம். முடியாது என்றால் தூசி தட்டும் வேலைக்கு மாற்றிவிடுவார்களாம், பென்ஷனிலும் கை வைப்பார்களாம்.

வைக்கட்டும். கரண்ட் என்ன முந்தின நாளே சொல்லிவிட்டா போகும்? அந்த உலையைத் திரும்ப ஓட்டும்போது கண்ட்ரோல் ரூமில் முதல் ஷிப்டு உன் தம்பிக்கு. இதைத் தெரிந்துகொண்டுதான் அப்பாவை அனுசரித்துப் போகச் சொன்னாயா? யார் மிரட்டியும் அசையாதவர், நீ சொன்ன பிறகு ஆடிப்போயிருக்கிறார்.

குட்டிக்கு என் முத்தம். நீங்கள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். திங்கட்கிழமை அப்பா பதில் சொல்ல வேண்டும். அதற்குள் போன் செய்து, "எழுதினது எழுதினதுதான்ப்பா" என்று சொல். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், அவருக்கு அதை உன் வாயால் கேட்க வேண்டும்.

கோபம் தீராத,
உன் அம்மா