கொள்ளி வைக்க வராதவன்

அப்பா,

இன்று காலை காரிமங்கலத்தில் பஸ் கிளம்பும் முன் டிரைவர் கற்பூரம் காட்டினார். புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டேன். குடியை நிறுத்தப் போய்ச் சேர்ந்த அந்தப் பிரார்த்தனைக் கூட்டத்தை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. கற்பூர வாசம் உள்ளே போனால் அன்றைய பிரார்த்தனை வீண் என்று தலைவர் சொன்னதை என் மூக்கு இன்னும் நம்புகிறது. பக்கத்து சீட்டுக்காரர், "என்னங்க, பஸ்ஸு ஒத்துக்காதா?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் என்ன செய்வார்?

எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று எனக்குள் ஓயாத சண்டை. வெளியாள் சமைத்ததைத் தொடாதே என்றதை, வந்த அன்றே அதியமான்கோட்டை ஹோட்டலில் நாலு இட்லியோடு முடித்துவிட்டேன். குடியை என்ன செய்வது? அதை நிறுத்தியது அவர்கள் சொல்லித்தானே. நான் கிளம்பும்போது தலைவர் சிரித்துக்கொண்டே, "போ. ஒரே வாரத்துல மறுபடி ரோட்டோரத்துல கெடப்ப" என்றார். அவர்கள் கொடுத்தது எதுவுமே வேண்டாம் என்ற வெறியில் சில சாயங்காலங்களில் சாராயக்கடை வாசல் வரை போய் நின்றிருக்கிறேன்.

குடியை விட்ட முதல் இருபது நாள், கை நடுங்கியபோது டீ டம்ளரை என் வாயருகே பிடித்தது நீங்கள். கூட்டத்தில் எழுந்து நின்று, என்னை மீட்டவர் என்று நான் சொன்னதோ தலைவர் பெயரை. அப்போதும் நீங்கள் கோபப்படவில்லை. அவருக்கு நன்றி சொல்ல ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தீர்கள். வெளியாள் என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். "பரவால்லைங்க, பசங்க சாப்பிடட்டும்" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போனீர்கள். வெளியாள் கொண்டுவந்தது என்று ஒருவரும் தொடவில்லை. ஆடுகள் வந்து தின்றன. நான் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கண்மூடிய அன்று தங்கச்சி ஆறு முறை போன் செய்தாள். "சாவு வூட்டுக்குப் போனா இங்க திரும்பி வராத" என்றார் தலைவர். போனை அணைத்துவிட்டேன். அவர்கள் என் காலைக் கட்டிப்போடவில்லை, அப்பா. வராமல் இருந்தது நான்தான். மதியம் வரை பார்த்துவிட்டு, சொந்தக்காரர்கள் முணுமுணுக்க, அவளே கொள்ளி வைத்தாள். இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

யாருக்காவது தப்பு செய்தால் அந்த ஆளின் வாசலில் போய் நின்று சொல் என்றும் அங்கே போதித்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நான் செய்வது என்று முடிவெடுத்துத்தான் இன்று பஸ் ஏறினேன். தருமபுரியில் மாறி அரூர் போய், தங்கச்சி வாசலில் நின்று, "வந்திருக்கணும். வரல. தப்புதாம்மா" என்றேன்.

அவள் உள்ளே கூப்பிடவில்லை.

"எனக்கு ஆறலண்ணா. ஆறவும் ஆறாது. ஆனா அப்பா கடைசி நாள் வரைக்கும் உன்னப் பத்தி ஒன்னே ஒன்னுதான் கேட்டுக்கிட்டிருந்தாரு. 'அவன் குடிக்கலதான?'ன்னு. வருவானான்னு ஒருதரம்கூட கேக்கல."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நிறுத்தச் சொன்னது அவர்கள்தான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தது நீங்கள். நான் பதில் சொல்ல வேண்டியது உங்களுக்குத்தான், அந்தத் தலைவருக்கு இல்லை.

குடிக்கலப்பா. இன்னிக்கும் குடிக்கல.