மாமி தந்த அமைதி

ஒக்டோபர் 12, ஞாயிறு

இன்றும் நாவலில் ஒரு வரி நகரவில்லை. நோன்புக்கு முன் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அசர் தொழுதுவிட்டு எழுத உட்கார்ந்தேன். உடனே மாமி டீவியை நிறுத்தினார். முற்றத்தில் விளையாடிய என் பிள்ளைகளிடம், "வாப்பா எழுதுறாரு, சத்தம் போடப்படா" என்றார். தேங்காய் துருவக்கூடப் பக்கத்து வீட்டுக்குத்தான் போனார். அவர் தன் மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு இது. இதில் எனக்காக அவர் பூனை மாதிரி நடக்கிறார்.

வெறும் தாளோடு இருப்பதை அவர் பார்த்துவிடக் கூடாது. அவர் தேத்தண்ணி கொண்டுவரும் சத்தம் கேட்டதும் பேனையை எடுத்து என் பெயரையே திரும்பத் திரும்ப எழுதினேன்.

"இண்டைக்கு நல்லா ஓடுது போல, மருமகன்?"

"ஓம் மாமி."

"அல்ஹம்துலில்லாஹ். நாளைக்கு ஸ்கூல் விட்டதும் புள்ளையள அவங்கட சாச்சிட வீட்ட அனுப்புறன். நீங்க நிம்மதியா எழுதுங்க."

அவர் முகத்தில் வந்த சந்தோசத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

எல்லோரும் படுத்துவிட்டார்கள். தாள் முழுக்க என் பெயர் மட்டும் கிடக்கிறது. கிழித்துப் போடலாம் என்றால் பயமாக இருக்கிறது. இந்த அமைதியில் கிழிக்கிற சத்தம் மாமிக்குக் கேட்டுவிடும்.