கட்டில் காலும் காது நரம்பும்

1987 மார்ச் 4, புதன்

விடியலிலிருந்து மழை. செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் வேலை இன்று இல்லை. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி படித்துச் சொன்னார். அடுத்த புதன் என் வீட்டுக்காரரைக் கோலாலம்பூருக்குக் கூட்டி வர வேண்டுமாம். காதுக்குள் கரண்டுக் கருவி பதிக்கும் ஆராய்ச்சி. ஆள் தேர்வு.

மூளைக்காய்ச்சலில் இவர் காது போய் நாலு வருஷம். கூப்பிட வேண்டுமென்றால் இவர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சின் காலை உதைப்பேன். அதிர்வு தெரிந்து "வந்தேன், வந்தேன்" என்று கை தூக்குவார்.

கிராணி கேட்டார்: "அஞ்சலை, அவருக்குக் காது வந்துட்டா ஒன் கதி என்ன?"

"நாலு வருஷமா திட்டுனதுக்கெல்லாம் சேத்து வச்சி ஒதைப்பாரு லா, ஐயா."

ஆபீஸில் இருந்த எல்லாரும் சிரித்தோம். இவரும் சிரித்தார், எங்கள் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் பிந்தி. முன்பெல்லாம் என் கேலிக்கு முதல் ஆளாகச் சிரிப்பவர்.

மார்ச் 11, புதன்

ஐ.சி. அடையாள அட்டை, கடிதம், துண்டு, புளிச்சாதம். பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் முதல் பஸ். ஊறுகாயை மறந்துவிட்டேன்.

டாக்டர் சீனப் பெண், சின்ன வயது. கூட ஒரு நர்ஸ் மிஸ்ஸி, தமிழ்ப் பிள்ளை. அவள்தான் விளக்கினாள்: காதுச் சவ்வு வழியே மெல்லிய ஊசி. அதில் துளிக் கரண்டு. சத்தம் மாதிரி ஏதாவது தோன்றினால் கை தூக்க வேண்டும்.

"நரம்பு உசுரோட இருந்தாத்தான் கருவி வைக்க முடியும்க்கா. வச்சாலும் பழையபடி பேச்சு கேக்காது. வெறும் சத்தம் வரலாம். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

இவர் கட்டிலில். நான் கால்மாட்டில். டாக்டர் பொத்தானை அழுத்துவது எனக்குத் தெரிகிறது. முதல் தரம், கை எழவில்லை. இரண்டாம் தரம், இல்லை. மூன்றாம் தரம் என் கால் போய்க் கட்டில் காலை உதைத்தது. கை தூக்கினார். டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு.

அதற்கப்புறம் அழுத்தலுக்கு ஓர் உதை. யாரும் பார்க்கவில்லை.

"நரம்பு நல்லா இருக்குக்கா!" என்றாள் மிஸ்ஸி.

பஸ்ஸில் இவர் தூங்கினார்.

மார்ச் 12, வியாழன்

குழம்பில் உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன். இவரிடம் சைகையில் கேட்டேன்: நேற்று ஏதாவது கேட்டதா?

லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி பதில்: "என்னா கேட்டுச்சு? நீ ஒதைச்ச, நான் கையத் தூக்குனேன். பரீச்சையே அதான்னு நெனச்சேன்!"

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் அடுப்படியில் அழுகை. செத்த நரம்புக்காக இவர் மண்டையைத் திறப்பார்கள், என் காலால். உண்மையைச் சொன்னால் பட்டியலில் பேரை அடித்துவிடுவார்களோ?

மார்ச் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன். கிராணி ஆபீஸ் போனில், மிஸ்ஸியிடம். ஏசினாள்: "அக்கா, இது வெளையாடுற எடமா?"

ஏசியது சரிதான். மத்தியானம் திரும்பப் போன். டாக்டர் பேரை அடிக்கவில்லை. புதன் மறுபடி வர வேண்டும். இந்தத் தரம் மற்றக் காது. அதற்கும் கை எழவில்லையென்றால் அவ்வளவுதான்.

மார்ச் 18, புதன்

நல்ல வெயில். என்னை வெளியே உட்கார வைத்தார்கள். "காலை மடக்கிக்கிட்டு ஒக்காருங்கக்கா" என்றாள் மிஸ்ஸி. கதவைச் சாத்தினார்கள்.

செருப்பு வார் அறுந்திருக்கிறது. எதிரில் ஒரு மலாய்க் கிழவர், இருமல். கேலி பண்ண ஒன்றும் தோன்றவில்லை. வெறும் சத்தம் வந்தால் போதுமா? பேச்சு இல்லாவிட்டால் என் கேலியை எப்படிக் கேட்பார்? போதும். நான் பின்னால் நிற்பதாவது தெரியுமே.

கதவு திறந்தது. காதில் பஞ்சோடு இவர். முகம் கடுகடு.

"அடியே, உள்ள வந்தியா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"கட்டில ஒதைக்கல?"

இல்லை.

"சத்தியமா?"

என் தலையில் கை வைத்துக் காட்டினேன்.

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அப்ப என் காதுக்குள்ள மூணு தரம் வண்டு கத்துச்சே, அது யாரு?"